தொலைந்த இசைக்குறிப்பேடும் கேட்போர் செவியும்: ராக் – ஆர்கெஸ்ட்ரா இணைவின் வரலாற்றில் நண்பர் குழாம்களின் பங்கு (1967–2000)

ஆய்வுச் சுருக்கம்

1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ராக் இசைக்குழுக்கள் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களோடு இணைந்து வாசிக்கத் தொடங்கின. இம்முயற்சிகளின் வரலாறு இசைக்குழுக்களையும் பதிவு நிறுவனங்களையும் இதழியல் விமர்சகர்களையும் மையமிட்டே எழுதப்பட்டு வருகிறது. இசைத்தட்டுகளை நண்பர்களோடு பகிர்ந்து கேட்டு, அவற்றின் தரம் பற்றி வாதிட்ட கேட்போருக்கு அதில் உரிய இடம் இல்லை. டீப் பர்ப்பிள் குழுவினர் 1969இல் அரங்கேற்றிய கன்செர்ட்டோவின் இசைக்குறிப்பேடு தொலைந்ததையும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் அது கேட்பவர் ஒருவரின் உழைப்பால் மீட்கப்பட்டதையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, கேட்போர் குழாம்களை இசை வரலாற்றின் பங்கேற்பாளர்களாகக் கருத வேண்டிய தேவையை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முக்கியச் சொற்கள்: ராக் இசை, ஆர்கெஸ்ட்ரா, இசைச் சுவை, கேட்போர் வரலாறு, ஒலிப்பதிவு, ஒலிநாடாப் பரிமாற்றம்.

1. ஆய்வுச் சிக்கல்

இசை வரலாறு எழுதப் புகுவோர்க்கு ஆக்கியோர் கிடைக்கின்றனர், ஆக்கங்களும் கிடைக்கின்றன. கேட்டவர் கிடைப்பதில்லை. அரங்குகளின் நிகழ்ச்சி நிரல், பதிவு நிறுவனங்களின் கணக்கேடு, விமர்சகரின் கட்டுரை ஆகியவை காப்பகங்களில் உள்ளன. ஒரு மாலைப்பொழுதில் நால்வர் ஓர் அறையில் கூடி ஓர் இசைத்தட்டைக் கேட்டு, ஒருவர் புகழ, மற்றொருவர் மறுக்க, மூன்றாமவர் ஊசியை எடுத்து அதே இடத்தில் மீண்டும் வைத்து 'இப்போது கேள்' என்று சொல்லியிருக்கக்கூடிய பேச்சு எந்தக் காப்பகத்திலும் இல்லை. ஆயினும் இசை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றது இத்தகைய பேச்சின் வழியேதான்.

இப்பேச்சை ஆய்வுப் பொருளாக மதித்தவர்களுள் சைமன் ஃபிரித் குறிப்பிடத்தக்கவர். 1996இல் வெளிவந்த 'பெர்ஃபார்மிங் ரைட்ஸ்' என்னும் நூலில், எது நல்ல இசை, எது மோசமான இசை என்று நண்பர்கள் வாதிடுவது வெகுமக்கள் பண்பாட்டின் ஓரத்தில் நிகழும் பொழுதுபோக்கன்று, அப்பண்பாட்டின் நடுவிலேயே நிகழ்வது என்று அவர் நிறுவுகிறார். இதற்கு முன்பே பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, 1979இல் வெளியிட்ட 'லா டிஸ்டிங்ஷன்' நூலில், சுவை என்பது வர்க்க நிலையின் வெளிப்பாடு என்று காட்டியிருந்தார். அவர் தம் ஆய்வில் மூன்று வகைச் சுவைகளுக்கு எடுத்துக்காட்டாக மூன்று ஆக்கங்களைக் கொண்டார். உயர்நிலைச் சுவைக்கு பாஹின் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்'. வெகுமக்கள் சுவைக்கு ஸ்ட்ராஸின் 'புளூ டான்யூப்'. இடைநிலைச் சுவைக்கு ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ'. இவற்றுள் மூன்றாவது 1924இல் அரங்கேறியது. ஜாஸ் இசையையும் கச்சேரி மேடையையும் இணைத்தது. இணைவு முயற்சி ஒன்றே இடைநிலைச் சுவையின் அடையாளமாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது தற்செயலானதன்று. இரு தரப்பினரும் தமக்குக் கீழாகவோ அயலாகவோ கருதும் ஆக்கம் நடுவில்தான் வைக்கப்படும். ராக் – ஆர்கெஸ்ட்ரா இணைவுக்கும் இதே நிலைதான் நேர்ந்தது. ஆனால் பூர்தியுவின் படிநிலை, ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த இரு நண்பர்கள் ஒரே இசைத்தட்டின்மீது எதிரெதிர் முடிவுக்கு வருவதை விளக்கப் போதாது. அங்கு ஃபிரித்தே துணைநிற்கிறார்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. தமிழகத்தில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் கோயில் திருவிழாவிலும் திருமண வரவேற்பிலும் திரைப்பாடல் இசைக்கும் மெல்லிசைக் குழுவே நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் அச்சொல், வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகளும் மரக்காற்று, பித்தளைக் காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் கொண்டு, எழுதப்பட்ட குறிப்பை ஒரு நடத்துநரின் கையசைவுக்கு ஏற்ப வாசிக்கும் மேலை இசைப் பேரணியையே குறிக்கும். மின் கிதார், மின் உறுப்பிசை, டிரம்ஸ் ஆகியவற்றோடு மேடையேறும் தமிழக மெல்லிசைக் குழுவுக்கு அதே பெயர் வழங்குவது ஒரு சுவையான முரண். இலண்டன் கேட்போர் ஆண்டுக்கணக்கில் பிணங்கிய இரு சொற்களின் பொருளை நம் பேச்சுவழக்கு ஓசையின்றி ஒன்றாக்கிவிட்டது.

2. 1967: வானொலி பிரித்ததும் இசைத்தட்டு சேர்த்ததும்

1967 செப்டம்பர் 30 அன்று பிபிசி தன் வானொலிச் சேவைகளைப் புதிதாகப் பகுத்தது. பாப் இசைக்கு ரேடியோ 1. செவ்வியல் இசைக்கு ரேடியோ 3. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய நிலையங்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் ஒடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, இளைஞர்களை ஈர்க்கவே ரேடியோ 1 தொடங்கப்பட்டது. எனினும், இரு வகைக் கேட்போருக்கும் இரு வேறு அலைவரிசைகள் என்ற ஏற்பாடு அவ்விரு சுவைகளும் கலவா என்ற எண்ணத்திற்கு ஒரு நிறுவன வடிவம் அளித்தது.

அதே ஆண்டில் இசைத்தட்டுகள் எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் குழுவினர் 1965இல் 'யெஸ்டர்டே' பாடலுக்கு நால்வர் தந்தி இசையையும், 1966இல் 'எலினார் ரிக்பி' பாடலுக்கு எண்மர் தந்தி இசையையும் பயன்படுத்தியிருந்தனர். 1967 பிப்ரவரி 10 அன்று 'எ டே இன் தி லைஃப்' பாடலுக்காக ஆர்கெஸ்ட்ராக் கலைஞர் 40 பேர் இலண்டன் அபே ரோடு அரங்கில் கூட்டப்பட்டனர். 24 தாள வட்டங்களுக்குள் தத்தம் கருவியின் கீழ்ச்சுரத்திலிருந்து மேற்சுரம் வரை ஏறுமாறும், பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போக முயலாதிருக்குமாறும் அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஒன்றுபட்டு வாசிப்பதற்கென்றே வாழ்நாள் முழுதும் பயின்றவர்களுக்கு இது எத்தகைய கட்டளை என்பதை இசை பயின்றோர் உணர்வர்.

நவம்பரில் டெக்கா நிறுவனத்தின் டெராம் முத்திரையில் மூடி புளூஸ் குழுவின் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' வெளிவந்தது. ஒரு நாளின் விடியல் முதல் இரவு வரை பாடல்கள் தொடர, அவற்றை இணைக்கும் இசைப்பகுதிகளை பீட்டர் நைட் அமைத்து நடத்தினார். இந்த இசைத்தட்டின் தோற்றம் பற்றி நெடுங்காலம் ஒரு கதை வழங்கி வந்தது: நிறுவனத்தின் புதிய ஸ்டீரியோ நுட்பத்தை விளம்பரப்படுத்துவதற்காக த்வோர்ழாக்கின் ஒன்பதாம் சிம்பொனியை ராக் வடிவில் வாசிக்கும்படி குழுவினர் பணிக்கப்பட்டனர், அவர்கள் அதை விடுத்துத் தம் பாடல்களையே பதிவு செய்தனர் என்பது அது. குழு உறுப்பினர்களே சொன்ன கதை. பதிவில் பங்கேற்ற வேறு சிலர் இதை மறுத்துள்ளனர். உண்மை எதுவாயினும், நிறுவனத்தை ஏமாற்றிப் பிறந்த ஆக்கம் என்ற அக்கதை கேட்போர் நடுவில் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் உண்டு. ஆர்கெஸ்ட்ரா என்பது பெரியவர்களின், நிறுவனங்களின் கருவி என்று கருதிய இளைஞர்க்கு அவ்விசைத்தட்டை மனம் கூசாமல் விரும்புவதற்கு அக்கதை வழிவகுத்தது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இந்த இசைத்தட்டில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் பெரும்பாலும் ஒருங்கே வாசிப்பதில்லை. தனித்தனியே பதிவு செய்யப்பட்டு அடுத்தடுத்து வருகின்றன. புகழ்பெற்ற 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாடலில் பலர் ஆர்கெஸ்ட்ரா என்று எண்ணிக் கேட்ட ஒலியின் பெரும்பகுதி, மைக் பிண்டர் வாசித்த மெலோட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் முன்பே பதிவான ஓர் ஒலிநாடாத் துண்டைக் கொண்ட விசைக்கருவி அது. எது ஆர்கெஸ்ட்ரா, எது கருவியின் போலி என்பது செவியைக் கூராக்கும் வினா. அதைத் தீர்க்க ஒரே வழி மீண்டும் கேட்பதே.

அமெரிக்காவில் இந்த இசைத்தட்டு வெளியான காலத்தைவிட, 1972இல், பண்பலை வானொலியின் துணையோடு அப்பாடல் மறுவெளியீடு கண்டபோதே உச்சம் தொட்டது. பாடல் பட்டியலில் 2ஆம் இடமும், இசைத்தட்டு 3ஆம் இடமும் பெற்றன. ஐந்தாண்டுத் தாமதம் விளம்பரத்தால் மட்டும் விளக்கத்தக்கதன்று. இடைப்பட்ட காலத்தில் அது வீடுகளிலும் விடுதிகளிலும் கைமாறிக்கொண்டிருந்தது என்பதே இக்கட்டுரையாளரின் ஊகம்.

3. ராயல் ஆல்பர்ட் அரங்கு, 1969 செப்டம்பர் 24

பதிவுக்கூடத்தில் வெட்டி ஒட்டுவது ஒன்று. ஒரே மேடையில் ஒரே நேரத்தில் வாசிப்பது வேறு. இரண்டாவதை முழுநீள ஆக்கமாக முயன்றவர் டீப் பர்ப்பிள் குழுவின் உறுப்பிசைக் கலைஞர் ஜான் லார்ட் (1941–2012). லெஸ்டரில் பிறந்து செவ்வியல் பியானோ பயின்று, பின் ஜாஸ், புளூஸ் வழியே ராக் இசைக்கு வந்தவர். டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவும் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கும் இணைந்து அளித்த இசைத்தட்டு ஒன்றே தமக்கு வித்திட்டது என்று அவர் கூறியுள்ளார். மேதை ஒருவரின் தனிச்சிந்தனையில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆக்கத்திற்கு முன்னாலும் ஓர் இசைத்தட்டைக் கேட்ட அனுபவம் இருக்கிறது.

குழுவின் மேலாளர் டோனி எட்வர்ட்ஸ் அரங்கைப் பதிவு செய்தபின்னரே லார்ட் எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடிக்கு ஆளானார். பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் குளோவரும் அவ்வாண்டின் நடுவில்தான் குழுவில் சேர்ந்திருந்தனர். ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்த மால்கம் ஆர்னால்ட் (1921–2006) இசைந்தார். ஆர்னால்ட் அக்காலத்தின் மதிப்புமிக்க இசையமைப்பாளர். ஒருகாலத்தில் இலண்டன் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை டிரம்பெட் கலைஞர். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் இசைக்காக ஆஸ்கர் பெற்றவர். (அப்படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது என்பதால் அவர் பெயர் அத்தீவினர் சிலருக்கேனும் அறிமுகமாயிருக்கலாம்.) ஒத்திகையின்போது ஆர்கெஸ்ட்ராக் கலைஞர் சிலர் காட்டிய வெறுப்பையும், ஆர்னால்ட் அவர்களைக் கடிந்து தம் பக்கம் நின்றதையும் லார்ட் பின்னாளைய நேர்காணல்களில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

அன்றைய நிகழ்ச்சி நிரலே ஒரு வாதம்போல் அமைந்தது. முதலில் ஆர்னால்டின் ஆறாம் சிம்பொனி. அடுத்து டீப் பர்ப்பிள் தனித்து வாசித்த சில பாடல்கள். இறுதியில் 'கன்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா'. இரு தரப்புச் சுவைஞரும் மற்றவர் இசையைப் பொறுத்திருந்து கேட்டபின்னரே இணைவை அடைந்தனர். வெளியான இசைத்தட்டிலோ கன்செர்ட்டோ மட்டுமே இடம்பெற்றது. அரங்கில் இருந்தோர் பெற்ற அந்தப் படிப்படியான பழக்கம் இசைத்தட்டு வாங்கியவர்க்குக் கிட்டவில்லை. ஒரே ஆக்கத்தைப் பற்றி அரங்கில் கேட்டவரும் வீட்டில் கேட்டவரும் மாறுபட்டுப் பேசியிருப்பின் அதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆக்கத்தின் கட்டமைப்பைச் சற்று விரிவாகக் காணலாம். மூன்று பகுதிகள்: மொடராட்டோ – அலெக்ரோ, அந்தாந்தே, விவாச்சே – பிரெஸ்டோ. முதற்பகுதியில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் பகைவர்போல் நிறுத்தப்படுகின்றனர். நீண்ட ஆர்கெஸ்ட்ரா முன்னிசைக்குப்பின் குழு திடீரென உள்நுழைகிறது. அதன்பின் ஒன்று ஓய, மற்றொன்று எழுகிறது. நடுவே ரிச்சி பிளாக்மோரின் கிதார் தனி வாசிப்பு நெடிதாக விரிகிறது. இரண்டாம் பகுதியில் இரு மெட்டுகள் ஆர்கெஸ்ட்ராவாலும் குழுவாலும் தனித்தும் சேர்ந்தும் பல வடிவங்களில் வாசிக்கப்படுகின்றன. கில்லன் எழுதிய வரிகள் இங்குதான் பாடப்படுகின்றன. மூன்றாம் பகுதியில், இயன் பெய்ஸின் டிரம்ஸ் தனி வாசிப்பு நீங்கலாக, இரு தரப்பும் பெரிதும் ஒருங்கே செல்கின்றன. பகை, உரையாடல், கூட்டு என்ற இந்த ஒழுங்கு லார்டின் திட்டம். திட்டம் என்ற அளவில் அது தெளிவானது. ஆனால் முதற்பகுதியின் பகையே மூன்றாம் பகுதியின் கூட்டைவிட நினைவில் நிற்கிறது என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. முரணுக்கு இசைவடிவம் தருவதில் லார்ட் பெற்ற வெற்றியை இணக்கத்திற்கு வடிவம் தருவதில் முழுதும் பெற்றார் என்று சொல்ல இயலவில்லை. இதற்கு நேர்மாறாக, மூன்றாம் பகுதியின் வேகமே ஆக்கத்தின் சிகரம் என்று வாதிடுவோரும் இருப்பர்; அன்றிரவு அவையோரின் ஆரவாரத்திற்கு இணங்க மீண்டும் வாசிக்கப்பட்டது மூன்றாம் பகுதியின் இறுதிதான் என்பது அவர்களுக்குச் சான்றாகும்.

4. பிணக்குகள்

இந்த ஆக்கம் கேட்போரைப் பிரித்தது. குழுவையும் பிரித்தது. ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழு என்ற அடையாளம் தம்மீது படிவதைப் பிளாக்மோர் விரும்பவில்லை. கடுமையான ராக் இசைத்தட்டு ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற அவர் வற்புறுத்தலின் விளைவே 1970 ஜூனில் வந்த 'டீப் பர்ப்பிள் இன் ராக்'. கன்செர்ட்டோ இங்கிலாந்துப் பட்டியலில் 26ஆம் இடத்தில் நின்றது. 'இன் ராக்' 4ஆம் இடம் பெற்றது. குழுவின் பிற்காலத் திசையை இந்த எண்களே தீர்மானித்தன. லார்ட், பிபிசி கேட்டுக்கொண்டதற்கிணங்க 1970 செப்டம்பரில் 'ஜெமினி சூட்' என்ற மற்றோர் இணைவு ஆக்கத்தை அளித்தபின் குழுவின் பெயரில் அவ்வழியைத் தொடரவில்லை.

கேட்போர் வாதங்களின் மையத்தில் நின்றவை ஒலி அளவும் புனைவுரிமையும் எனலாம். மின்பெருக்கியின் முன் வயலின்கள் அடங்கிப்போகின்றன. ஆகவே ஒலிப்பதிவாளரின் கையே இறுதித் தீர்ப்பு வழங்குகிறது. ஆர்கெஸ்ட்ராக் கலைஞர் எழுதியதை வாசிக்கிறார். ராக் கலைஞர் அந்நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். ஒருவருக்குப் பிழையாவது மற்றவருக்குப் படைப்பு. மெலடி மேக்கர் போன்ற இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகள் இத்தகைய வாதங்கள் அச்சேறக்கூடிய ஒரே இடமாக இருந்தன. ஆயினும் அச்சேறிய கடிதம் பதிப்பாசிரியரின் தேர்வு. அதைக் கேட்போரின் குரலாகவே கொள்வது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.

ஏனைய முயற்சிகளைச் சுருக்கமாகவே சுட்டலாம். நியூகாசில் நகரின் ஐந்து பாலங்களைப் பொருளாகக் கொண்டு தி நைஸ் குழு அமைத்த 'ஃபைவ் பிரிட்ஜஸ்' 1969இல் பதிவானது. புரோக்கோல் ஹாரம் குழு 1971 நவம்பரில் கனடாவின் எட்மண்டன் சிம்பொனியோடு வாசித்த பதிவு அமெரிக்கப் பட்டியலில் 5ஆம் இடம் வரை உயர்ந்தது. வணிக அளவில் இது பெருவெற்றி. பழைய பாடல்களுக்கே ஆர்கெஸ்ட்ரா சேர்க்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம் எனலாம். ரிக் வேக்மன் 1974 ஜனவரியில் ஜூல்ஸ் வெர்னின் நிலவறைப் பயணக் கதையை இலண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். மறு ஆண்டு ஆர்தர் அரசன் கதையை வெம்ப்ளியில் பனித்தளத்தின்மேல் நிகழ்த்திப் பெருநட்டம் அடைந்தார். எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1977இல் ஏறத்தாழ 70 கலைஞரோடு சுற்றுப்பயணம் புறப்பட்டுச் செலவு தாங்காமல் வழியிலேயே அவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பங்க் இசை எழுந்து இவ்வாடம்பரங்களை வீழ்த்தியது என்பது வழக்கமான வரலாற்றுச் சுருக்கம். பங்க் எழாதிருந்தாலும் ஆர்கெஸ்ட்ராவின் பயணச்செலவு இதைச் செய்திருக்கும்.

5. தொலைந்த ஏடும் செவிவழி மீட்பும்

கன்செர்ட்டோ 1970 ஆகஸ்ட் 25 அன்று ஹாலிவுட் பவுல் அரங்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு மீண்டும் வாசிக்கப்பட்டது. அதன்பின் இசைக்குறிப்பேடு காணாமற்போனது. அடுத்து வந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஆக்கத்தை எந்த ஆர்கெஸ்ட்ராவும் முழுமையாக வாசிக்க வழியில்லாது போயிற்று.

இந்த இழப்பின் தன்மையை உணர, இசை ஆக்கம் எதில் உறைகிறது என்ற வினாவை எழுப்ப வேண்டும். தியடோர் கிரேசிக் 1996இல் வெளியிட்ட 'ரிதம் அண்ட் நாய்ஸ்' நூலில், ராக் இசையின் முதன்மை ஆக்கம் குறிப்பேட்டிலோ மேடை நிகழ்விலோ இல்லை, ஒலிப்பதிவிலேயே உள்ளது என்று வாதிடுகிறார். செவ்வியல் மரபில் நிலை தலைகீழ். அங்குக் குறிப்பேடே ஆக்கம்; பதிவு அதன் ஒரு வாசிப்பு. இவ்வளவுகோல்களின்படி கன்செர்ட்டோவின் ஒரு பாதி 1970க்குப்பின் இறந்துவிட்டது. மறுபாதி இசைத்தட்டில் உயிரோடிருந்தது. இணைவு இசையின் உள்முரண் இதைவிட வெளிப்படையாகத் தெரிந்த தருணம் வேறில்லை. பத்திரமாக இருந்திருக்க வேண்டியது எழுதப்பட்ட பகுதி, தொலைந்ததும் அதுவே. காற்றோடு போக வேண்டியது அந்நேரத்தில் தோன்றிய கிதார் வாசிப்பு. அது அப்படியே நிலைத்தது.

1970களின் நடுப்பகுதியில் தோன்றிய டீப் பர்ப்பிள் ரசிகர் சங்கமும் அதன் 'டார்க்கர் தேன் புளூ' இதழும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. குழு 1976இல் கலைந்தபின்னும் அதன் பதிவுகளைத் தொகுப்பதும், பதிப்பு வேறுபாடுகளை ஒப்பிடுவதும், எது சிறந்த வாசிப்பு என்று வாதிடுவதும் இத்தகைய கேட்போர் வட்டங்களில் தொடர்ந்தன. குழு 1984இல் மீண்டும் கூடியபோது அதன் வரலாற்றை அதன் உறுப்பினரைவிட நுணுக்கமாக அறிந்த கேட்போர் பலர் இருந்தனர் என்பது மிகையன்று.

மீட்பு நெதர்லாந்திலிருந்து வந்தது. மார்கோ டி குய் என்னும் இளம் இசையமைப்பாளர், பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் 1969 நிகழ்ச்சியின் படச்சுருளைப் பார்த்தும் ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு கருவிக்கும் உரிய வரியைத் தாமே எழுதத் தொடங்கினார். இப்பணியின் கடினத்தை எளிதில் கடந்துவிடலாகாது. ஒலிப்பதிவில் பல கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துள்ளன. இரண்டாம் வயலின்களும் வயோலாக்களும் ஒரே சுர எல்லையில் உலவும்போது எது எவருடையது என்பதைச் செவி எளிதில் பிரிக்காது. மின்பெருக்கியின் ஓசையில் மரக்காற்றுக் கருவிகள் முற்றிலும் மறையும் இடங்களும் உள்ளன. அங்குப் படத்தில் கலைஞரின் விரலும் வில்லும் அசையும் விதமே சான்று. கேட்டதை எழுதுவதோடு நில்லாமல், கேளாததை இசை இலக்கணத்தால் உய்த்துணரவும் வேண்டியிருந்தது. சிதைந்த ஏட்டுச்சுவடியில் செல்லரித்த எழுத்துகளை யாப்பும் பொருளும் கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியர் பணியோடு இதனை ஒப்பிடுவது பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு. சுவடிப் பதிப்பாளர்க்கு மூலநூலாசிரியர் கிடைப்பதில்லை. டி குய், தம் பிரதியை 1990களின் இறுதியில் ஜான் லார்டிடமே ஒப்படைத்தார். லார்டும் நடத்துநர் பால் மானும் அதனைச் சரிபார்த்து நிறைவு செய்தனர். லார்ட் சில இடங்களை மாற்றியும் எழுதினார்.

1999 செப்டம்பர் 25, 26 ஆகிய நாள்களில் அதே ராயல் ஆல்பர்ட் அரங்கில் இலண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு கன்செர்ட்டோ மீண்டும் ஒலித்தது. நடத்தியவர் பால் மான். பிளாக்மோரின் இடத்தில் ஸ்டீவ் மோர்ஸ் வாசித்தார். தொடர்ந்து 2000, 2001 ஆண்டுகளில் தென்னமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் அது வாசிக்கப்பட்டது. லார்ட் தம் இறுதிக்காலத்தில் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவுக்கூடத்தில் அமைத்த வடிவம் அவர் மறைந்த 2012ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இன்று எந்த ஆர்கெஸ்ட்ராவும் அதை வாசிக்க இயலும். ஆயின் இன்று வாசிக்கப்படுவது 1969இன் குறிப்பேடா? அன்று. கேட்பவர் ஒருவரின் செவியில் பதிந்து, ஆக்கியோரின் கையால் திருத்தம் பெற்ற இரண்டாம் பாடம் அது.

6. நாடாவில் வளர்ந்தோர் நாப்ஸ்டரை எதிர்த்தது

அதே 1999இல் அமெரிக்காவில் வேறொரு நிகழ்வு. மெட்டாலிகா குழுவினர் ஏப்ரல் 21, 22 ஆகிய நாள்களில் பெர்க்லியில் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்தனர். அப்பதிவு 'எஸ் அண்ட் எம்' என்ற பெயரில் நவம்பரில் வெளிவந்தது. ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளை எழுதி நடத்தியவர் மைக்கேல் கேமன். இங்குப் புதிய பாடல்கள் இரண்டே. ஏனையவை ஏற்கெனவே முழுமை பெற்று, கேட்போர் மனத்தில் ஒவ்வோர் அசையும் பதிந்தவை. லார்ட் எழுதியது இருவருக்குமான ஒரே ஆக்கம். கேமன் எழுதியதோ எழுப்பி முடித்த கட்டடத்திற்கு மற்றொரு தளம். ஆகவே கேட்போர் வாதமும் மாறியது: இவ்விரண்டும் சேருமா என்பதன்று வினா, சேர்த்தது தேவையா என்பதே. கேமனின் வரிகள் பல இடங்களில் கிதாரைப் பின்தொடராமல் எதிர்மெட்டாக நிற்கின்றன. அவ்விடங்களே இம்முயற்சியை அலங்காரம் என்ற குற்றச்சாட்டிலிருந்து காக்கின்றன.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது அடுத்து நிகழ்ந்தது. மெட்டாலிகா 1982இல் பதிவு செய்த 'நோ லைஃப் டில் லெதர்' என்ற மாதிரி ஒலிநாடா, நிறுவனம் எதன் துணையுமின்றி, ஒருவர் படியெடுத்து மற்றவருக்கு அஞ்சலில் அனுப்பும் பரிமாற்றத்தால் பரவியது. குழுவின் தொடக்கப் புகழ் இந்த நாடாப் பரிமாற்றத்தால் ஈட்டியது. 1999 ஜூனில் நாப்ஸ்டர் என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருள் வெளிவந்தது. தம் வெளியாகாத பாடல் ஒன்றும் அதில் உலவுவதை அறிந்த மெட்டாலிகா, 2000 ஏப்ரலில் நாப்ஸ்டர்மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம், தம் பாடல்களைப் பகிர்ந்ததாகக் கூறி 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைக் கையளித்தது.

இதை நன்றி மறந்த செயல் என்று கேட்போர் பலர் கண்டித்தனர். கண்டனம் முழுதும் நேரியதன்று. நாடாவைப் படியெடுக்க ஒரு மணிநேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று எண்ண வேண்டும். உறையில் பாடற்பெயர் எழுத வேண்டும். பெறுபவர் மறுகடிதத்தில் தம் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர். பகிர்தலும் வாதிடலும் அங்கு ஒரே செயல். முகமறியாதவர் கணினியிலிருந்து நொடியில் இறக்கப்படும் கோப்பில் பகிர்தல் மட்டும் எஞ்சியது, பேச்சு நீங்கியது. சட்ட வாதத்தில் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. இசை வரலாற்றில் உண்டு. எனினும் ஒலிப்பதிவுகளைக் கேட்போர் கைவசம் வைத்திருந்ததால்தான் முந்தைய செப்டம்பரில் ஒரு கன்செர்ட்டோ உயிர்பெற்றது என்பதையும் அருகில் வைத்தே இவ்வழக்கை நோக்க வேண்டும்.

7. தமிழ்ச் சூழலுக்கு எழும் வினாக்கள்

தமிழ்த் திரையிசையில் மின் கிதாரும் பேஸ் கிதாரும் வயலின் அணியும் ஒரே பாடலில், ஒரே கூடத்தில், எழுதப்பட்ட குறிப்பைக் கொண்டு பதிவாகி வந்தன. ஆகவே இலண்டனில் எழுந்த பிணக்கு சென்னையில் அதே வடிவில் எழவில்லை. இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கி வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' கருநாடக இசைக்கும் மேலைச் செவ்வியல் இசைக்கும் இடையே நின்றது. அத்தலைப்பின் வினாவே, வகைப்படுத்த இயலாத இசையைக் கேட்போர் எவ்வாறு பெயரிட்டுப் பேசினர் என்ற ஆய்வுக்கு நுழைவாயிலாகிறது.

இவ்வாய்வுக்குரிய சான்றுகள் அச்சு இதழ்களில் மட்டும் இல்லை. 1980களில் தமிழகச் சிற்றூர்களிலும் ஒலிப்பதிவுக் கடைகள் இயங்கின. வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களைத் தாளில் பட்டியலிட்டு, வெற்று ஒலிநாடாவோடு கொடுத்து, சில நாள் கழித்துப் பதிவு செய்து பெற்றுச்செல்வர். அந்நாடா நண்பருக்கு இரவல் போகும். சில வேளை திரும்பி வராது. எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்ற வரிசை, அதை எழுதியவரின் சுவைக் கொள்கை. கையெழுத்தில் அமைந்த அந்த உறைத்தாள்களும் பட்டியல்களும் எந்த நூலகத்தின் அட்டவணையிலும் சேர்ந்தவை அல்ல. காந்த நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்; இழுத்தால் அறும். எனவே களப்பணி நாடாக்களின் ஒலியிலிருந்து அன்றி, அவற்றின் உறைத்தாள்களிலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு உகந்தது: பாடல் வரிசை, பதிவான ஆண்டு, கடையின் முத்திரை, இரவல் கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் படமெடுத்துக் குறித்தபின், நாடாவுக்கு உரியவரிடம் அவ்வரிசைக்கான காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யலாம்.